எட்டால் பிரிப்பதா, ஒன்பதால் பிரிப்பதா? மேலதிக நேரக் கணக்கில் நடக்கும் களவு



சம்பள நாளில் துண்டு கைக்கு வந்ததும் நாம் முதலில் பார்ப்பது கடைசி வரியைத்தான். கையில் எவ்வளவு வருகிறது, கடைப் பற்றுக்கு எவ்வளவு போகும், பிள்ளையின் டியூஷன் காசுக்கு மிஞ்சுமா என்று மனம் அங்கேயே போய்விடும். மேலே உள்ள வரிகளை நாம் வாசிப்பதில்லை. வாசிக்க மாட்டோம் என்பது தோட்டத்து ஆபீசுக்கும் நன்றாகத் தெரியும். அந்த வரிகளில்தான் மாதாமாதம் நமது காசு காணாமல் போகிறது.

இந்த முறை நாம் பேச வந்தது சம்பள உயர்வைப் பற்றி அல்ல. உயர்வு கேட்பது வேறு போராட்டம். அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. இது, நாம் ஏற்கெனவே உழைத்து முடித்த, சட்டப்படி இன்றைக்கே நமக்குச் சேர வேண்டிய மேலதிக நேரக் காசைப் பற்றியது. இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை, அமைச்சரின் தயவும் வேண்டியதில்லை. கூட்டல், கழித்தல், பெருக்கல், பிரித்தல் தெரிந்தால் போதும்.

உருண்டையாக வந்த 9000

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் நமது அங்கத்தவர் ஒருவர் அண்மையில் சம்பளத் துண்டுகளுடன் காரியாலயத்துக்கு வந்தார். கொழுந்து அள்ளிக் கொட்டும் காலம். பகல் வேலை முடிந்து வீட்டுக்குப் புறப்படும் நேரத்தில் டீமேக்கர் கூப்பிட்டு, "ரோலருக்கு ஆள் போதாது, நின்னுட்டுப் போ" என்பார். அந்த மாதத்தில் இருபது நாள், நாளுக்கு மூன்று மணித்தியாலம் வீதம் அறுபது மணித்தியாலம் அவர் நின்றிருக்கிறார். துண்டில் ஒரே ஒரு வரி: ஓ.டி. 9000.00. எத்தனை மணித்தியாலம், மணித்தியாலத்துக்கு எவ்வளவு என்று எதுவும் இல்லை.

அவர் ஆபீசுக்குப் போய்ப் பெரிய கிளாக்கரிடம் கேட்டிருக்கிறார். பதில் உடனே வந்தது. "ஒரு நாள் சம்பளம் 1350. காலையில ஏழரையில இருந்து பின்னேரம் நாலரை வரைக்கும் ஒன்பது மணித்தியாலம். 1350ஐ ஒன்பதால பிரிச்சா 150. அறுபது மணித்தியாலத்துக்கு 9000. வேற என்ன வேணும்?"

கணக்கு உருண்டையாக வந்தது. சதம்கூட மிஞ்சவில்லை. உருண்டையாக வரும் கணக்கைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. நமது தோழரும் சரியென்று வீட்டுக்குத் திரும்பிவிட்டார். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் அவருடைய மகள்தான் துண்டைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறாள்: "ஒன்பது மணித்தியாலத்துக்குள்ள சாப்பாட்டு நேரமும் இருக்கே. அந்த ஒரு மணித்தியாலமும் வேலை செஞ்சீங்களாப்பா?"

அந்தப் பிள்ளை கேட்ட கேள்விதான் முழு வழக்கும். ஏழரையிலிருந்து நாலரை வரை ஒன்பது மணித்தியாலம்தான். ஆனால் அதில் ஒரு மணித்தியாலம் சாப்பாட்டு நேரம். நாம் உழைப்பது எட்டு மணித்தியாலம். அந்த எட்டு மணித்தியால உழைப்புக்குத்தான் ஒரு நாள் பேர். ஆகவே ஒரு மணித்தியாலத்தின் விலையைக் காண எட்டால்தான் பிரிக்க வேண்டும். ஒன்பதால் பிரிப்பவர், நாம் சோறு தின்ற நேரத்தையும் வேலையாகக் காட்டி நமது வேலை நேரத்தின் விலையைக் குறைக்கிறார். சோற்றுக்கு அவர் காசு கொடுக்கவும் இல்லை. சோறு தின்ற நேரத்துக்கு நம்மிடம் காசு பிடித்துக்கொள்கிறார்!

அடுத்தது ஒன்றரை. வழமையான வேலை நேரத்துக்கு மேல் செய்யும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். பெரிய கிளாக்கரின் கணக்கில் இந்த ஒன்றரை வரவே இல்லை. இருட்டிய பிறகு செய்த வேலைக்கும் வெயிலில் செய்த வேலைக்கும் ஒரே விலையைப் போட்டிருக்கிறார்.

சரியான கணக்கு இதுதான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் அடிப்படைச் சம்பளம்: 1350 ரூபா.
ஒரு மணித்தியாலம்: 1350 ÷ 8 = 168 ரூபா 75 சதம்.
மேலதிக நேரம் ஒரு மணித்தியாலம்: 168.75 × 1½ = 253 ரூபா 13 சதம்.
அறுபது மணித்தியாலம்: 15,187 ரூபா 50 சதம்.

கொடுத்தது 9000. கொடுக்க வேண்டியது 15,187.50. ஒரே மாதத்தில், ஒரே தொழிலாளியிடம் 6187 ரூபா 50 சதம் போயிருக்கிறது. நாலரைப் பேருக்கும் மேல். நாலரை நாளுக்கும் மேல் மழையில் நனைந்து உழைத்தால் வரும் காசு அது.

இங்கே 1350 என்று நாம் எடுத்தது 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த சம்பளம். அடிப்படைச் சம்பளம் கூடும்போது 1350 இருக்கும் இடத்தில் புதுத் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள். எட்டும் ஒன்றரையும் மாறாது.

நாம் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினோம். "முன்பிருந்தே இப்படித்தான் கணக்குப் பார்க்கிறோம்" என்று பதில் வந்தது. முன்பிருந்தே எடுத்திருக்கிறார்கள் என்பதற்கு அவர்களே கையெழுத்திட்டுத் தந்த சாட்சி அது. இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு அடுத்த மாதத் துண்டில் ஒரு மாற்றம் வந்தது. ஒன்றரை மடங்கு போட்டிருந்தார்கள். ஆனால் ஒன்பதால் பிரிப்பதை விடவில்லை. மணித்தியாலத்துக்கு 225 ரூபா என்று வந்திருக்கிறது. பழைய மாதங்களின் நிலுவையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பாதியைக் கொடுத்தால் மீதியை மறந்துவிடுவோம் என்று நினைக்கிறார்கள். நாம் மறக்கவில்லை. விடயம் இப்போது தொழில் காரியாலயத்தில் இருக்கிறது.

தராசுக்கு முன்னால் போகும் அரை மணித்தியாலம்

தொழிற்சாலையில் வேலை செய்பவருக்காவது ஓ.டி. என்று ஒரு வரி துண்டில் வருகிறது. மலையில் கொழுந்து பறிக்கும் நமது பெண்களுக்கு அந்த வரியே கிடையாது.

பின்னேரம் நாலரைக்கு வேலை முடிகிறது என்பது புத்தகத்தில். மலையில் நடப்பது என்ன? நாலரைக்குக் கொழுந்தோடு மடுவத்துக்கு வந்து வரிசையில் நிற்க வேண்டும். தராசு வர வேண்டும், கணக்கப்பிள்ளை வர வேண்டும், லொறி வர வேண்டும். மழை பெய்தால் தண்ணீருக்கென்று கழிவு போடுவதில் வாக்குவாதம். சாக்கில் கட்டி லொறியில் ஏற்றிவிட்டு லயத்துக்குத் திரும்பும்போது ஐந்து மணி தாண்டிவிடும். அந்த நேரத்தில் அவள் விரும்பினாலும் வீட்டுக்குப் போக முடியுமா? போனால் கொழுந்துக்குப் பேர் விழுமா? போக முடியாது என்றால் அந்த நேரம் யாருடையது? தோட்டத்துடையது. தோட்டத்துக்காக நின்ற நேரம் வேலை நேரம்.

நாளுக்கு அரை மணித்தியாலம் மட்டும் என்று குறைத்தே கணக்குப் போடுவோம். அரை மணித்தியாலத்துக்கு 126 ரூபா 56 சதம். மாதத்துக்கு இருபத்தைந்து நாள் என்றால் 3164 ரூபா. இரண்டு பேருக்கும் மேல். ஒரு கங்காணியின் கீழ் நாற்பது பெண்கள் என்றால் அந்த ஒரு கூட்டத்திடமிருந்து மட்டும் மாதத்துக்கு ஒரு இலட்சத்து இருபத்தாறாயிரம் ரூபா. இதை எந்தத் துண்டிலும் காண முடியாது, ஏனென்றால் எழுதப்படாத நேரம் இது. இரண்டு கிலோ குறைந்தால் அரைப்பேர் போடுவதற்குக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கிறவர்களுக்கு, அரை மணித்தியாலம் கூடினால் மட்டும் மணிக்கூடு தெரிவதில்லை.

தராசைச் சரியான நேரத்துக்குக் கொண்டு வாருங்கள். அல்லது நின்ற நேரத்துக்குக் காசு கொடுங்கள். இரண்டில் ஒன்று. மூன்றாவது வழி சட்டத்தில் இல்லை.

ஞாயிறும் போயாவும்

ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கூப்பிட்டால் ஒன்றரை நாள் சம்பளம் என்பது நமது தாத்தா பாட்டிக்கே தெரிந்த விடயம். போயா தினத்தில் வேலை வாங்கினாலும் ஒன்றரை நாள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது 1971ஆம் ஆண்டின் விடுமுறைகள் சட்டத்தில் இருக்கிறது. 1350க்கு ஒன்றரை என்றால் 2025 ரூபா.

இந்த 2025 ரூபாவைக் கொடுக்காமல் தப்பப் பல தோட்டங்களில் கண்டுபிடித்திருக்கும் வழிதான் கைக்காசு. ஞாயிறு வேலையைப் பேரில் போடாமல் கிலோவுக்கு இவ்வளவு என்று காசாகக் கொடுத்துவிடுவது. காசு உடனே கையில் வருகிறது, ஞாயிறு பின்னேரமே கடைக்குப் போகலாம் என்று நாமும் சந்தோஷப்படுகிறோம். கொஞ்சம் நின்று கணக்குப் பாருங்கள். கிலோவுக்கு 45 ரூபா என்று வைத்துக்கொள்வோம். முப்பது கிலோ பறித்தால் 1350 ரூபா. சாதாரண நாள் பேர்தான் அது. ஒன்றரையில் அரை எங்கே? 675 ரூபா எங்கே?

அதோடு முடியவில்லை. கைக்காசு செக்ரோலில் ஏறுவதில்லை. செக்ரோலில் ஏறாத காசுக்கு ஊழியர் சேமலாப நிதியில் முதலாளியின் 12 சதவீதம் விழுவதில்லை. நம்பிக்கைப் பொறுப்பு நிதியின் 3 சதவீதமும் விழுவதில்லை. மலையில் விழுந்து கால் முறிந்தால், "அன்றைக்கு நீ வேலைக்கே வரவில்லையே, பேர் இல்லையே" என்று சொல்லவும் வாய்ப்பிருக்கிறது. கையில் விழும் காசு இனிக்கும். அறுபது வயதில் லயத்துத் திண்ணையில் உட்காரும்போது அது கசக்கும்.

பெரிய எண்ணைக் காட்டிச் சின்ன எண்ணில் கணக்கு

மேலதிக நேரத்தில் இன்னொரு சூது இருக்கிறது. அது கணக்கு தொடங்குவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடும். எந்தத் தொகையை எட்டால் பிரிப்பது என்ற கேள்வி அது.

2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தை நினைத்துப் பாருங்கள். நாளுக்கு 730 ரூபா என்று மேடைகளில் வெடி கொளுத்தினார்கள். பிரித்துப் பார்த்தால் அடிப்படைச் சம்பளம் 500. வரவுக் கொடுப்பனவு 60, உற்பத்திக் கொடுப்பனவு 140, விலைப் பங்குக் கொடுப்பனவு 30. மேலதிக நேரம் எதில் கணக்கிடப்பட்டது? 500இல். 730ஐ எட்டால் பிரித்து ஒன்றரையால் பெருக்கினால் 136 ரூபா 88 சதம். 500ஐ அப்படிச் செய்தால் 93 ரூபா 75 சதம். மேடையில் கேட்ட எண் ஒன்று, கணக்கில் வந்த எண் வேறு. சேமலாப நிதிக்கும் அதே கதிதான்.

2024 மே மாதத்தில் 1700 ரூபா என்று அறிவித்தார்கள். அதிலும் 1350தான் அடிப்படை. 350 விசேட கொடுப்பனவு. அதையும் பொறுக்காமல் கம்பனிகள் நீதிமன்றம் போயின. செப்டெம்பரில் வந்து நின்றது 1350.

இதனால்தான் நாம் திரும்பத் திரும்பச் சொல்கிறோம்: சம்பளப் பேச்சுவார்த்தையில் மொத்த எண்ணைக் கேட்டு மயங்காதீர்கள். அடிப்படையில் எவ்வளவு, கொடுப்பனவில் எவ்வளவு என்று கேளுங்கள். அடிப்படையில் ஏறும் ஒவ்வொரு ரூபாவும் மேலதிக நேரத்தில் ஏறும், ஞாயிறுப் பேரில் ஏறும், சேமலாப நிதியில் ஏறும், வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் பணிக்கொடையிலும் ஏறும். கொடுப்பனவில் ஏறும் ரூபா அந்த நாளோடு சரி. கம்பனிகள் எப்போதும் கொடுப்பனவாகத் தருகிறோம் என்று சொல்வதன் இரகசியம் இதுதான்.

கொழும்பில் இருக்கும் நமது பிள்ளைகளுக்கு

இந்த இதழ் லயத்து வீடுகளில் வாசிக்கப்படுகிறது. அந்த வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று மலையில் இல்லை. கொழும்பில் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் மாதச் சம்பளத்துக்கு நிற்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை.

கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின் கீழ் வேலை செய்பவருக்கு மாதச் சம்பளத்தை 240ஆல் பிரித்து மணித்தியால விலையைக் காண்பது வழக்கம். சம்பளச் சபைகளின் கீழ் வரும் ஆடைத் தொழில் போன்றவற்றில் 200ஆல் பிரிப்பார்கள். பிறகு இரண்டுக்கும் ஒன்றரை மடங்கு. மாதச் சம்பளம் 36,000 என்றால் 200ஆல் பிரித்தால் மேலதிக மணித்தியாலத்துக்கு 270 ரூபா. 240ஆல் பிரித்தால் 225. தொழிற்சாலையில் தைக்கும் பிள்ளைக்குக் கடைக் கணக்குப் போட்டால் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் 45 ரூபா போய்விடும். பொங்கலுக்கு வீட்டுக்கு வரும்போது அவர்களுடைய துண்டையும் வாங்கிப் பாருங்கள். மலையில் ஒன்பது செய்யும் வேலையை அங்கே 240 செய்கிறது.

அவர்கள் சொல்லும் நியாயங்கள்

நாம் கேட்கப் போனால் நான்கு பதில்கள் வரும். நான்குக்கும் மறுமொழியைத் தயாராக வைத்திருங்கள்.

"ஓ.டி. கட்டாயமில்லை, விரும்பித்தானே நின்றாய்." விரும்பி நின்றாலும் வெறுத்து நின்றாலும் நின்ற நேரம் நேரம்தான். வேலையை வாங்கிக்கொண்ட பிறகு விலை பேசுவது கடைக்காரனிடம் சாமானைத் தின்றுவிட்டுப் பேரம் பேசுவது போன்றது. அத்துடன், மாட்டேன் என்று சொன்னவரை அடுத்த நாள் எந்த மலைக்கு அனுப்புவார்கள் என்பதும் நமக்குத் தெரியும்.

"கம்பனி நட்டத்தில் ஓடுகிறது." ராத்திரி ரோலர் ஓடிய மின்சாரத்துக்கு, கம்பனி நட்டம் என்று மின்சார சபை கட்டணத்தைக் குறைக்கிறதா? லொறிக்கு ஊற்றிய டீசலுக்கு எண்ணெய்க்காரன் ஒன்பதால் பிரித்துக் காசு வாங்குகிறானா? எல்லோருக்கும் முழு விலை. அதே ராத்திரியில் அதே ரோலருக்குப் பக்கத்தில் நின்ற மனிதனுக்கு மட்டும் குறை விலையா?

"கையெழுத்துப் போட்டுத்தானே வாங்கினாய்." சம்பளச் சபை தீர்மானித்த விகிதத்துக்குக் குறைவாக வாங்க ஒரு தொழிலாளி ஒப்புக்கொண்டாலும் அந்த ஒப்புதல் சட்டத்தில் செல்லாது. நமது கையெழுத்து காசு வாங்கியதற்குத்தான். உரிமையை விற்றதற்கு அல்ல.

"நேரச் சம்பளமெல்லாம் பழைய முறை, வருமானத்தில் பங்கு தருகிறோம், உனக்கென்று ஒரு துண்டு மலை தருகிறோம்." இதைத்தான் நாம் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். மணித்தியாலம் என்ற சொல்லே இல்லாத முறையில் மேலதிக மணித்தியாலம் எங்கிருந்து வரும்? காலை ஐந்திலிருந்து இரவு வரை முழுக் குடும்பமும் மலையில் நின்றாலும் கிலோவுக்குத்தான் காசு. எட்டு மணித்தியால வேலை நாளுக்காக உலகத் தொழிலாளர் சிந்திய இரத்தத்தை ஒரு சொல்லில் அழிக்கும் வேலை அது. அந்த முறையில் யாருக்கு இலாபம், யார் தலையில் நட்டம் என்பதைத் தனியே எழுதுவோம். இப்போதைக்கு ஒன்று: இன்றைய நிலுவையைக் கொடுத்துவிட்டு நாளைய முறையைப் பற்றிப் பேசட்டும்.

இன்னும் சிலர், "2021இலேயே கூட்டு ஒப்பந்தம் இல்லாமல் போய்விட்டது, இனி உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்கிறார்கள். ஒப்பந்தம் போனது உண்மை. 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் எங்கும் போகவில்லை. தேயிலைக்கும் இறப்பருக்கும் அதன் கீழ்ச் சபைகள் இருக்கின்றன. 2021இல் 1000 ரூபா வந்ததும் அந்த வழியால்தான்.

நமது பிழையையும் சொல்ல வேண்டும்

முதலாளியை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட்டால் இது நேர்மையான எழுத்தாகாது. தொழிற்சங்கங்களாகிய நாமும் இதில் தவறியிருக்கிறோம். மே தினத்தில் பெரிய எண்ணைச் சொல்லிக் கைதட்டு வாங்கினோம். அந்த எண்ணை எட்டால் பிரிக்க அங்கத்தவருக்குக் கற்றுக் கொடுத்தோமா? மாதாமாதம் சந்தாவைச் சம்பளத் துண்டிலிருந்தே எடுக்கிறோம். அதே துண்டில் நமது சந்தாவுக்கு நாலு வரி மேலே நடக்கும் களவை எத்தனை தோட்டத் தலைவர்கள் வாசித்திருக்கிறார்கள்? ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை கேட்ட கேள்வியை நாம் இத்தனை வருடமாகக் கேட்காமல் இருந்தது நமக்கு வெட்கம்.

பெண்களின் நேரத்தைப் பற்றிப் பேசவும் நாம் பிந்திவிட்டோம். கமிட்டிகளில் ஆண்கள் உட்கார்ந்து தொழிற்சாலை ஓ.டி.யைப் பேசினோம்; தராசடியில் நின்ற பெண்களின் அரை மணித்தியாலத்தை வேலையாகவே எண்ணவில்லை. மாதர் சங்கத் தலைவிகள் இதை நம்மிடம் கோபத்தோடு சொன்னார்கள். அந்தக் கோபம் நியாயமானது.

இனிச் செய்ய வேண்டியது

ஒன்று. ஒரு கொப்பி வாங்குங்கள். சுவரில் தொங்கும் கலண்டராக இருந்தாலும் போதும். வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், கொழுந்து நிறுத்து முடிந்த நேரம் மூன்றையும் அன்றன்றே எழுதுங்கள். மாதக் கடைசியில் ஞாபகத்தில் எழுதுவது வேண்டாம். நாம் மேலே சொன்ன தோழரின் வழக்கு நிற்பது, அவருடைய மனைவி கலண்டரில் பென்சிலால் எழுதி வைத்திருந்த நேரங்களின் மேல்தான்.

இரண்டு. சம்பளத் துண்டுகளை எறியாதீர்கள். அடுப்புப் பற்றவைக்கவும் கொடுக்காதீர்கள். மாத வாரியாக ஒரு பையில் போட்டு வையுங்கள். 1921வரை கங்காணியின் துண்டு நமது பாட்டன்மாரைக் கடனில் கட்டி வைத்திருந்தது. இன்றைய துண்டு நம்மிடம் இருந்தால் அது முதலாளியைக் கட்டும்.

மூன்று. ஓ.டி. என்று மொத்தமாகப் போட்டால் ஏற்காதீர்கள். எத்தனை மணித்தியாலம், மணித்தியாலத்துக்கு எவ்வளவு என்று துண்டில் பிரித்துக் காட்டும்படி தோட்டக் கமிட்டி ஊடாக எழுத்தில் கேளுங்கள். பதிவேடு வைப்பது முதலாளியின் கடமை. சம்பள விகிதத்தைத் தொழிலாளருக்கு விளங்கும் மொழியில் வேலைத்தளத்தில் காட்சிக்கு வைப்பதும் அவருடைய கடமை. உங்கள் பிரட்டுக்களத்தில், தொழிற்சாலை வாசலில் அப்படி ஒரு அறிவித்தல் தமிழில் இருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள்.

நான்கு. தனியாகப் போகாதீர்கள். ஒருவர் போய்க் கேட்டால் அவர் குழப்பக்காரர். நாற்பது பேரின் கணக்கை ஒரே தாளில் எழுதிக்கொண்டு போனால் அது நிலுவைப் பட்டியல். தோட்டத் தலைவர்கள் அந்தப் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். கணக்குத் தெரிந்த பிள்ளைகளை உதவிக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து. நிர்வாகம் மறுத்தால் ஹட்டன், நுவரெலியா, பதுளை என்று உங்களுக்குரிய தொழில் காரியாலயத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். ஒரு பிரதியில் திகதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பிரதியைச் சங்கத்துக்கு அனுப்புங்கள். தொழில் உத்தியோகத்தருக்குத் தோட்டத்துக்குள் வந்து புத்தகங்களைப் பார்க்கும் அதிகாரம் இருக்கிறது. அந்த அதிகாரத்தை அவர் பாவிக்க வைப்பது நமது வேலை.

பதினாறு சதமும் இருபத்தெட்டு ரூபாவும்

எட்டால் பிரித்தால் மேலதிக மணித்தியாலத்துக்கு 253 ரூபா 13 சதம். ஒன்பதால் பிரித்தால் 225. வித்தியாசம் 28 ரூபா 13 சதம். "இந்தச் சில்லறைக்கா இவ்வளவு சத்தம்?" என்று ஒரு நிர்வாக அதிகாரி நம்மிடம் கேட்டார். இன்றைக்கு 28 ரூபாவுக்கு ஒரு வெறும் தேத்தண்ணி குடிக்க முடியாது என்பது நமக்கும் தெரியும்.

அவருக்கு ஒன்று சொல்கிறோம். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளர்கள் போராடியது 16 சத உயர்வு கேட்டு. அந்தப் போராட்டத்தில்தான் கோவிந்தன் பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியானான். சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் வந்தது அதற்கு அடுத்த வருடம். பதினாறு சதம் அன்றைக்கும் துரைமாருக்குச் சில்லறையாகத்தான் தெரிந்தது.

சில்லறை என்றால் கொடுத்துவிட்டுப் போகலாமே. கொடுக்க மாட்டேன் என்று மூன்று கடிதம் எழுதுவதிலிருந்தே தெரிகிறது, சேர்த்துப் பார்த்தால் அது சில்லறை இல்லை என்று. ஆயிரம் தொழிலாளியின் அறுபது மணித்தியாலத்தில் அது பதினாறு இலட்சத்து எண்பத்தேழாயிரத்து ஐந்நூறு ரூபா.

இந்த இதழை வாசித்து முடித்ததும் கடந்த மாதத் துண்டை எடுத்து முன்னால் வையுங்கள். எட்டால் பிரியுங்கள். ஒன்றரையால் பெருக்குங்கள். வரும் தொகைக்கும் துண்டில் உள்ள தொகைக்கும் வித்தியாசம் இருந்தால், அந்தத் துண்டோடு வாருங்கள். நாம் காத்திருக்கிறோம்.